நாற்பத்தெட்டுப் பல்லில் ஒரு விரிசல்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உப்பளத்துக்குத் தினமும் போய்வரும் பத்து வயதுக் கார் அவருடையது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் ஊர்ந்து வந்து நிற்கப்போகிற கடைசி இரண்டு மூன்று மீட்டரில் மட்டும் பெடல் காலுக்கடியில் ‘டர்ர்ர்’ என்று துடிக்கிறது. வண்டியும் நினைத்த இடத்தைவிட ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. மழையும் இல்லை, சாலையில் மணலும் இல்லை. டிஸ்க் கோணியிருக்கும் என்று லேத்தில் கொடுத்துக் கடைந்தார்கள். பிரேக் பேடை மாற்றினார்கள். துடிப்பு போகவில்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. “கோளாறு வண்டிக்கா, எனக்கா?” என்று முடித்திருக்கிறார்.

வண்டிக்குத்தான். ஆனால் செலவழித்த இடம் தப்பு. டிஸ்க் கோணினால் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் ஸ்டியரிங்கும் பெடலும் அதிகம் ஆடும். நிற்கப்போகையில் மட்டும் துடிக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பை.

ஏபிஎஸ் செய்யும் வேலை பள்ளிக்கூடத்து உராய்வுப் பாடம்தான். உருளும் டயர் சாலையைப் பிடிப்பதுபோல் சுழற்சி நின்று தேயும் டயர் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. ஒரு சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கணினி ஒரு வால்வால் விடுவிக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் மறுபடி ஏற்றுகிறது. நொடிக்குப் பல முறை இது நடக்கும். விடுவித்த ஆயிலைப் பம்பு திருப்பித் தள்ளுவதால்தான் பெடல் காலை உதைக்கிறது. விமானச் சக்கரங்களில் இதன் முன்னோடி 1950-களிலேயே இருந்தது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

இதில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அந்தக் கணினிக்கு யார் சொல்கிறார்கள்? அதற்குக் கண் கிடையாது. சாலை ஈரமா, தார் உருகியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: பல் எண்ணுவது.

பழைய கார்களில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இடத்தில், பெரும்பாலும் ஆக்ஸிலின் வெளிமுனை ஜாயின்ட் மேல், பல் வெட்டிய ஓர் இரும்பு வளையம் இறுக்கிப் போட்டிருக்கும். மெக்கானிக்குகள் ஏபிஎஸ் ரிங் என்பார்கள். அதற்கு ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளியில் அசையாமல் நிற்கிறது சென்சார்: ஒரு நிரந்தரக் காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். பல் எதிரே வந்தால் காந்தப்புலம் கூடும், பள்ளம் வந்தால் குறையும். மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே 1831-ல் கண்டது. பல்லுக்கு ஓர் அலை. அலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால் சக்கரத்தின் வேகம் கிடைத்துவிடும்.

வளையத்தில் 48 பல், டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் கடந்தால் வண்டி கிட்டத்தட்ட 4 செ.மீ. நகர்ந்திருக்கிறது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 4 செ.மீ. நகர 18 மில்லி நொடி ஆகும்.

இப்போது உப்பளத்துக்கு வருவோம். கடலோர வீடுகளில் கூரையின் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்து இடம் செய்துகொள்கிறது. அதே கதைதான் வண்டிக்கு அடியிலும். உப்புக் காற்றும் உப்புச் சேறும் வளையத்துக்கும் ஜாயின்ட்டுக்கும் நடுவே புகுந்து துரு கட்டுகிறது. துரு வீங்குகிறது. வளையம் மெல்லியது, ஏற்கெனவே இறுக்கமாகப் போடப்பட்டது. எத்தனை வருஷம் தாங்கும்? ஒருநாள் இரண்டு பல்லுக்கு நடுவே விரிந்துவிடுகிறது.

வளையத்தின் விட்டம் 9 செ.மீ. என்றால் பல்லுக்குப் பல் 6 மி.மீ. தூரம். விரிசல் வெறும் 2 மி.மீ. வாய் திறந்தாலும் அந்த ஓர் இடத்தில் தூரம் 8 மி.மீ. ஆகிவிடும். மற்றப் பற்கள் 18 மில்லி நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்க, இந்த ஒன்று மட்டும் 24 மில்லி நொடி கழித்து வருகிறது. விரிசல் இருப்பது கணினிக்கு எப்படித் தெரியும்? பல் தாமதமானால் அதன் அகராதியில் ஒரே பொருள்தான்: சக்கரம் மெதுவாகிவிட்டது. 8 கி.மீ.யில் சுழன்ற சக்கரம் 24 மில்லி நொடிக்குள் 6 கி.மீ.க்கு இறங்கிவிட்டது என்று அது கணக்குப் போடுகிறது. இந்த வேகக்குறைவைப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் சேர்ந்தாலும் ஒரு மடங்கை ஒட்டித்தான் வண்டியை நிறுத்த முடியும். மற்ற மூன்று சக்கரங்களோ சாதுவாக 8 கி.மீ.யில் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஆக, இது பூட்டிக்கொள்கிறது, விடு அழுத்தத்தை! கணினியின் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. பம்பு முழங்குகிறது, பெடல் துடிக்கிறது, வாசகர் ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கிறார்.

அப்படியென்றால் 80 கி.மீ.யில் ஏன் துடிக்கவில்லை? அங்கேயும் அதே விரிசல்தானே சுற்றுகிறது? இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கணினி சில மில்லி நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் கணக்கிடும். பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ.யில் அந்தப் பத்து மில்லி நொடிக்குள் ஐந்தாறு பற்கள் கடந்துவிடும். விரிசலின் பிழை அத்தனை பற்களின் சராசரியில் கரைந்து, மூன்றில் ஒரு பங்காக இருந்தது சுமார் ஆறு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. கூட்டத்தில் ஒருவன் சுருதி தப்பிப் பாடினால் யாருக்குத் தெரியும்? 8 கி.மீ.யில் பாடுகிறவனே அவன் ஒருவன்தான். போதாக்குறைக்கு, சுருளில் பிறக்கும் மின்னழுத்தமும் வேகம் குறையக் குறையச் சிறுத்துவிடும். வளையம் துருவால் ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தால் கோளாறு வெளிப்பட இதைவிட வசதியான நேரம் கிடையாது.

விளக்கு எரியாததற்கும் இதுதான் காரணம். ஒயர் அறுந்தாலோ அலை அடியோடு நின்றாலோ கணினி கண்டுபிடித்துவிடும். இங்கே ஒயர் சரி, சென்சார் சரி, அலையும் வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஒரு சின்னப் பொய். அதைக் கோளாறு என்று எண்ணாமல் செய்தி என்று எண்ணிவிடுகிறது. அமெரிக்காவில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில், சென்சார் உட்காரும் இடத்தில் துரு வீங்கி இதே மாதிரி மெதுவேகத் துடிப்பு வந்ததால், ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் லட்சக்கணக்கான பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. துருவுக்குப் பனி நாட்டு உப்பும் உப்பளத்து உப்பும் ஒன்றுதான்.

உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஆளில்லாத மைதானத்தில் ஏபிஎஸ் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு நடை வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். துடிப்பு போய்விட்டால் டிஸ்க் நிரபராதி. ஃப்யூஸை உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். அதில்லாமல் சாலைக்கு வரவேண்டாம். சாதாரண பிரேக் வேலை செய்யும் என்றாலும், முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வேலையையும் பல கார்களில் அதே ஏபிஎஸ் கணினிதான் பார்க்கிறது. அடுத்தது, நான்கு சக்கர வேகத்தையும் வரைபடமாகக் காட்டும் ஸ்கேனரை மாட்டி மெதுவாக ஓட்டினால் ஒரு கோடு மட்டும் சீரான இடைவெளியில் பள்ளம் விழும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும், ஏபிஎஸ்ஸோடு பேசாது, ஏமாறாதீர்கள்.

விளக்கு எரிந்து, ஸ்கேனரில் கோளாறுக் குறியீடும் வந்தால் வேறு கதை. சி0035 என்று வந்தால் இடது முன் சக்கரத்தின் சென்சார் பகுதியில் கோளாறு என்று பொருள். “சென்சார் போயிருச்சு சார், மாத்திரலாம்” என்பார்கள். குறியீடு சென்சாரைக் குற்றம் சொல்லவில்லை, அந்தத் தெருவைச் சொல்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே அறுந்த ஒயர், கனெக்டருக்குள் பச்சைப் பூத்த செம்பு, எலி, ஆடும் பேரிங். எல்லாவற்றுக்கும் அதே குறியீடு வரலாம்.

என் கதையே உண்டு. முன் சக்கர பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தது. புது சென்சார் போட்டார்கள், அணையவில்லை. “வண்டியை எடுக்கும்போது எலுமிச்சம்பழம் நசுக்கினியா?” என்றார் பெரியம்மா. இன்னொரு மெக்கானிக் பேரிங்கை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது: திருப்பிப் போட்டிருந்தார்கள். புதிய கார்கள் பலவற்றில் பல் வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்கத்தை மூடியிருக்கும் சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் ஏற்றியிருக்கும். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். காந்தப் பக்கத்தில் மட்டும் ஸ்டேப்ளர் பின் லேசாக ஒட்டும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் பத்து ரூபாய். சோதிக்காமல் மாற்றிய சென்சார் அதைப்போல் பல மடங்கு. இரண்டிலும் நம்பிக்கை ஒன்றே.

இந்தப் புது சென்சார்களை மல்டிமீட்டரில் ஓம் வைத்தும் பார்க்கக் கூடாது. பழைய சுருள் ஆயிரம் ஓமை ஒட்டி ஏதாவது காட்டும். இவற்றுக்குள் இருப்பது மின்னணுச் சில்லு. இரண்டே ஒயர்தான், அதிலேயே மின்சாரமும் வாங்க வேண்டும், செய்தியும் சொல்ல வேண்டும். எப்படி? வடக்கு எதிரே வந்தால் 7 மில்லி ஆம்பியர் உறிஞ்சும், தெற்கு வந்தால் 14. சாப்பிடும் அளவே பேச்சு! மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினால் ஏழும் பதினாலும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம். ஐடிஐ மாணவர்களுக்கு இதை, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஓர் ஆஸிலாஸ்கோப்பில் காட்டினால் ஒரு நாளில் விளங்கிவிடும். பயிற்சிக்கூடங்களுக்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் வாங்கும் பணத்தில் மேசைக்கு ஒரு ஆஸிலாஸ்கோப் வாங்கலாம் என்று நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நண்பர்களுக்கு அலுத்துவிட்டது.

தூத்துக்குடி வாசகருக்கு: முன் சக்கரங்களைத் தூக்கி, டார்ச் அடித்து, வளையத்தை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். பல கார்களுக்கு வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அடியிலுள்ள துருவைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் சாக்பீஸால் ஒரு பல்லில் குறியிட்டுப் பழையதையும் புதியதையும் எண்ணிவிடுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 48-க்குப் பதில் 44 வந்துவிட்டால் அந்த ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் எட்டு சதவீதம் மெதுவாகச் சுழல்வதாகக் கணினி நினைக்கும், இந்த முறை விளக்கும் எரியும்.