பழைய எண், புதிய எண்: சிறிய எஸ்எஸ்டிக்குக் குடிபோவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மடிக்கணினியில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். விண்டோஸும் என் கோப்புகளும் சேர்ந்து அதில் 90 ஜிபிதான். 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி குளோன் செய்யப் போனால் இடம் போதாது என்கிறது. 90 எப்படி 256-க்குள் அடங்காமல் போகும்?"

கணக்கில் பிழை இல்லை. (எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சில்லுகளில் தரவை வைக்கும் வட்டு.) சிக்கல் கதவு எண்ணில் இருக்கிறது. கணினியின் கண்ணுக்கு வட்டு என்பது ஒரே நீளத் தெரு. 512 பைட் கொள்ளும் வீடுகள் அதில் வரிசையாக நிற்கின்றன. 1 டெராபைட் வட்டில் வீட்டு எண் ஏறத்தாழ 195 கோடி வரை போகும். 256 ஜிபியில் 50 கோடியோடு தெரு முடிந்துவிடும். குளோன் என்றால் அதே வீட்டில் இருந்ததை அதே எண்ணில் கொண்டுபோய் வைப்பது. உங்கள் 90 ஜிபியில் ஒரு கோப்பு 120 கோடியாவது வீட்டில் குடியிருந்தாலும் போதும், புதிய தெருவில் அப்படி ஒரு வீடே கிடையாது.

ஆகவே, முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பழைய வட்டிலேயே விண்டோஸ் இருக்கும் சி பிரிவை முதலில் சுருக்குங்கள். சாதாரணக் கோப்புகள் முன்பக்கம் நகர்ந்துவிடும். பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்நேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது நினைவகத்தில் உள்ளதைச் சேமிப்பது), மீட்புப் புள்ளிகள் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுபவை) ஆகிய மூன்றும் ஊரே காலி செய்தாலும் அசையாத பண்ணையார்கள். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுபடி தொடங்கிச் சுருக்க வேண்டும். விண்டோஸ் 1024-ஆல் வகுத்து எண்ணுவதால் 256 ஜிபி அங்கே 238 என்றே தெரியும். எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். வட்டின் கடைசியில், விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் மீட்புப் பிரிவு இருந்தால் அதையும் முன்னால் இழுத்து வாருங்கள். குளோன் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டே முதல்முறை இயக்குங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் குழப்பம் வரும்.

இனி எனக்குப் பிடித்த இடம். இவ்வளவு பாடுபட்டு எண் பார்த்துக் குடிவைத்தோமே, அந்த எண்ணை எஸ்எஸ்டி மதிப்பதே இல்லை!

சென்னை முகவரிகளில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று பார்த்திருப்பீர்கள். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கணினிக்குத் தெரிந்தது பழைய எண் மட்டும்; தரவு உண்மையில் இருக்கும் புதிய எண் சில்லுக்கு மட்டுமே தெரியும். காரணம், ஃபிளாஷ் நினைவகத்தின் விசித்திர குணம். அதில் பெரும்பாலும் 16 கிலோபைட் கொண்ட பக்கம் பக்கமாக எழுதலாம். எழுதிய பக்கத்தின் மேல் மறுபடி எழுத முடியாது. அழிப்பதானால் பல மெகாபைட் கொண்ட தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்தப் பலகை முழுவதையும் துடைப்பது போல.

அதனால் நீங்கள் ஓர் எழுத்தை மாற்றினாலும் சில்லு வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதி, பதிவேட்டில் புதிய எண்ணைத் திருத்திக்கொள்கிறது. பழைய பக்கம் 'செல்லாது' என்று குறிக்கப்படுகிறது. ஓய்வு கிடைக்கும்போது, செல்லாத பக்கங்கள் மிகுந்த தொகுதியாகப் பார்த்து, உயிருள்ளவற்றை வேறிடம் மாற்றிவிட்டுத் துடைக்கிறது. ஒவ்வொரு துடைப்பிலும் தரவைத் தாங்கும் சிற்றறைகள் சற்றுத் தேய்வதால் ஒரே தொகுதியைப் படுத்தாமல் சுற்றுமுறையில் வேலை வாங்குகிறது. 4 கிலோபைட்டுக்கு ஒரு வரி என்று வைத்தால் உங்கள் 256 ஜிபிக்கு 6.25 கோடி வரிகள். வரிக்கு 4 பைட் என்றால் பதிவேடு மட்டுமே 250 மெகாபைட்! அதிலிருந்து ஒரு வரியைத் தேடி எடுப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்கு.

வெற்று வீடுகளையும் சேர்த்து நகலெடுக்கும் குளோன் ஏன் வேண்டாம் என்பதும் இதில் விளங்கும். குப்பையைக்கூட உயிருள்ள தரவு என்று நம்பி சில்லு சுமந்து திரியும். 'இந்த எண்கள் காலி' என்று இயங்குதளம் 'டிரிம்' கட்டளையால் சொன்ன பிறகே விடும்.

மடிக்கணினிக்கு ஆயுத பூசையன்று சந்தனம் வைப்பதிலும், டெஸ்க்டாப்பில் பத்து முறை ரெஃப்ரெஷ் அழுத்துவதிலும் எனக்குப் புகார் இல்லை, யாருக்கும் நட்டமில்லை. எஸ்எஸ்டியை டிஃப்ராக்மென்ட் செய்யச் சொல்லும், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை அடுத்தடுத்த எண்களில் சேர்க்கச் சொல்லும் மூடநம்பிக்கைதான் கேடு. முள் ஓடித் தேடும் ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் பொருள் உண்டு. இங்கே பழைய எண் பலகைகளை அடுக்கி வைக்கிறோம், சிற்றறைகள் வீணாகத் தேய்கின்றன.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் இந்த ஃபிளாஷ் வகைக்கு நேண்ட் ஃபிளாஷ் என்று பெயர். 1987-இல் அதை உலகுக்கு அறிவித்தவர் தோஷிபாவில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா. உரிய பங்கு கேட்டு அவர் பிற்பாடு அந்த நிறுவனத்தின் மேலேயே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது, 2006-இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. நம் சட்டைப்பை ஒவ்வொன்றிலும் இருக்கும் பொருளுக்கு இது கூலியா என்று எனக்கு ஆத்திரம் உண்டு.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று: பழைய வட்டை உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் அலமாரியில் கிடக்கட்டும்.