முதல் பிரசவம் சிசேரியன்: இப்போது வலி வரவழைக்கலாமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “முதல் குழந்தை சிசேரியன். இப்போது நாற்பது வாரம் முடிந்துவிட்டது, வலியைக் காணோம். வலி வரவழைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் மறுபடி ஆபரேஷன் என்கிறார் டாக்டர். தையல் பிரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். யார் பேச்சைக் கேட்பது?”

அம்மாவின் பயத்துக்கு நூறாண்டு வயது. ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று 1916-இல் எழுதியவர் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின். அன்று கருப்பையை மேலிருந்து கீழாக, வலியின்போது முறுக்கேறிச் சுருங்கும் தடித்த தசையிலேயே வெட்டினார்கள். கிளாஸ்கோவின் மன்றோ கெர் முதலானோர் பரப்பிய குறுக்கு வெட்டு, கீழே மெல்லிய பகுதியில் விழுகிறது. இன்று பெரும்பாலும் அதுதான். ஆனால் வயிற்றுத் தோலில் தெரியும் கோட்டை நம்பாதீர்கள். வெளியே குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். உள்ளே நெடுக்கு வெட்டு என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை, ஆபரேஷன்தான்.

குறுக்கு வெட்டு என்றால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2004-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், தானாக வலி கண்டவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேருக்கும், வலி வரவழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கும் கருப்பையிலுள்ள பழைய வெட்டின் தழும்பு கிழிந்தது. “இரண்டரை மடங்கு ஆபத்து” என்றால் நெஞ்சு படபடக்கிறது. “ஆயிரத்தில் 990 பேருக்குக் கிழியவில்லை” என்றால் மூச்சு வருகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். கிழிந்தால் அது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எப்படி வரவழைக்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. கருப்பையின் உடல் தசை. கருப்பை வாயோ பெரும்பாலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம். முறுக்கிய கயிறுபோல் இறுகிக் கிடந்து, அத்தனை மாதமும் குழந்தையின் எடையைத் தாங்குகிறது. பிரசவம் நெருங்கும்போது நார்களுக்கிடையிலான பிணைப்புகள் தளர்கின்றன. ஹயலூரானிக் அமிலம் பெருகித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. மூக்கு நுனிபோல் கெட்டியாக இருந்தது உதடுபோல் மெத்தென்று ஆகிவிடுகிறது. வலியே தொடங்காமல், ஓசைப்படாமல் நடக்கும் இந்தப் பழுத்தல்தான் பிரசவத்தின் பாதி வேலை என்பேன். இதைத் தூண்டும் வேதிப்பொருள்களில் முக்கியமானவை புரோஸ்டாகிளாண்டின்கள். ஜெல்லாகவோ மாத்திரையாகவோ வைத்தால், பழுக்காத வாயும் பழுக்கும்.

சிக்கல் என்னவென்றால், தழும்பும் கொலாஜன்தான். வாயை இளக்கும் மருந்துக்குத் தழும்பை மட்டும் விட்டுவிடத் தெரியாது. தழும்பும் சேர்ந்து இளகுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2001-இல் வாஷிங்டன் மாநிலப் பதிவேடுகளை அலசிய ஆய்வு, புரோஸ்டாகிளாண்டின் இல்லாமல் வலி வரவழைத்தவர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்குக் கிழிந்தது என்றும், அதைப் பயன்படுத்தியவர்களில் சுமார் இருபத்தைந்து பேருக்குக் கிழிந்தது என்றும் காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த இடைவெளி குறைந்தது. ஆனாலும் நிறைமாதத்தில், தழும்புள்ள கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் என்ற புரோஸ்டாகிளாண்டின் வகை மாத்திரை வேண்டாம் என்பதில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் உறுதியாக இருக்கிறது.

மாற்று வழி, சிறுநீர் வெளியேற்ற வைக்கும் அதே ஃபோலி குழாய். அதைக் கருப்பை வாய்க்குள் நுழைத்து, நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 80 மில்லி வரை உப்புநீரை ஏற்றுகிறார்கள். பலூன் உள்ளிருந்து வாயை அழுத்துகிறது. பனிக்குடச் சவ்வைச் சுவரிலிருந்து சற்றே விலக்குகிறது. அந்த உரசலில் உடலே தன் புரோஸ்டாகிளாண்டினை அங்கேயே சுரந்துகொள்கிறது! வாய் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்ததும் பலூன் தானாக நழுவி விழுந்துவிடும். பிறகு பனிக்குடத்தை உடைத்து, தேவைப்பட்டால் வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். டிரிப்ஸை நிறுத்தினால் அதன் அளவு சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும்; கரைந்துபோன மாத்திரையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மலிவான இந்த ரப்பர் குழாயை வைத்து நெதர்லாந்தில் 12 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய நல்ல ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அதில் முன்பு சிசேரியன் ஆனவர்களைச் சேர்க்கவே இல்லை. பாதுகாப்புக்காக ஒதுக்குகிறார்கள், புரிகிறது. ஆனால் யாருக்குப் பதில் அதிகம் தேவையோ அவர்களே எப்போதும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். இந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்கு நேரம் குறிப்பவர்கள், அந்தக் கவலையில் பாதியைக் கருப்பை வாய் பழுத்திருக்கிறதா என்று கேட்பதில் காட்டலாம்.

வாசகியின் விஷயத்துக்கு வருகிறேன். தானாக வலி வந்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் ‘இன்று தானாக வலி வரட்டும்’ என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. உண்மையான தேர்வுகள் மூன்று: காத்திருப்பது, வரவழைப்பது, வெட்டுவது. ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு முயற்சி பெரும்பாலும் பலிக்கும். அவருக்கு அந்த அனுகூலம் இல்லை. ஆனால் முதல் சிசேரியன் குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் செய்யப்பட்டது என்றால் நம்பிக்கை கூடும். முந்தைய பிரசவம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகவில்லை என்றால் தயங்க வேண்டும். இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்பவர், ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த நஞ்சுக்கொடி தழும்பில் வேரோடும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிழிசலின் முதல் அறிகுறி பெரும்பாலும் தாயின் வலி அல்ல, குழந்தையின் இதயத்துடிப்பில் வரும் சரிவு. அதனால் துடிப்பை விடாமல் பதிவுசெய்யும் கருவியும் ரத்தமும் தயாராக இருக்கின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து மருத்துவர் அந்தக் கட்டடத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்துதான் என்றால், அங்கே வலி வரவழைக்கச் சம்மதிக்காதீர்கள்.