ஓபரான்: தமிழில் ‘இயங்கணி’

ஓபரான் என்ற சொல் 1960இல் பிறந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜாகோப், ழாக் மோனோ குழுவினர் ஒரு சிறு கட்டுரையில் அதை முதலில் கையாண்டார்கள். ‘வேலை செய், இயக்கு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையோடு, எலக்ட்ரான், சிஸ்ட்ரான் போன்ற சொற்களில் வரும் ‘ஆன்’ ஈறு சேர்ந்து உருவான சொல். 1965இல் ஜாகோப், மோனோ இருவரும் ஆந்த்ரே லுவோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பொருள் இதுதான்: பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து அமைந்து, ஒரே இடத்திலிருந்து இயக்கப்பட்டு, ஒரே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் மரபணு வரிசை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கிளாஸ் பால் டீ குடிக்கிறோம். பெரியவர்கள் பலருக்குப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே ஈ.கோலை என்ற பாக்டீரியா வாழ்கிறது. லாக்டோஸ் இல்லாத நேரத்தில் ஒடுக்கி என்ற புரதம் அதன் டி.என்.ஏ.வில் ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். படியெடுப்பு ஏறக்குறைய நின்றே இருக்கும். லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உண்டாகும் அல்லோலாக்டோஸ் ஒடுக்கியில் ஒட்டி அதன் வடிவத்தை மாற்ற, பிடி தளர்கிறது. மூன்று மரபணுக்கள் ஒருசேரப் படியெடுக்கப்படுகின்றன. இந்த வரிசைதான் லாக் ஓபரான். ஒன்றின் புரதம் லாக்டோஸை உள்ளே கொண்டுவருகிறது, இன்னொன்றினுடையது அதை உடைக்கிறது. மூன்றாவதன் பங்கு சிறியது.

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லாக்டோஸும் அது செரிக்கப்பட்டால் நிறம் மாறும் சாயமும் கலந்த மெக்கான்கி அகர் என்ற வளர்ப்புத் தட்டில் ஈ.கோலை வளர்ந்தால் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அதன் நெருங்கிய உறவான சால்மோனெல்லா பொதுவாக நிறமில்லாமல் வளரும், ஏனென்றால் அதனிடம் லாக் ஓபரான் இல்லை.

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், மூணு ஜீன் பக்கத்துல பக்கத்துல இருந்தாலே அது ஓபரான்தானா?” இல்லை. பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, இயக்கும் இடம் பொதுவாக இருக்க வேண்டும். அதனால்தான் ‘மரபணுத் தொகுதி’ என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்பதில்லை. அந்தச் சொல் ஓர் உயிரியின் மொத்த டி.என்.ஏ.வைக் குறிக்கும் ஜீனோமுக்கும் வழங்குகிறது. இயக்கம் என்ற கருத்தோ அதில் அறவே இல்லை. ‘இயக்கி’ என்றால் ஒடுக்கி உட்காரும் இடத்தை மட்டுமே குறிக்கும். என் பரிந்துரை ‘இயங்கணி’. இயங்கும் அணி, வினைத்தொகை. அணி என்றால் வரிசை, சேர்ந்து இயங்கும் கூட்டம். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. பாடநூல் ‘ஓபரான்’ என்றே சொல்வதால் பரீட்சையில் அப்படியே எழுதுங்கள்.

இயக்கத்தைச் சொல்லிலேயே வைக்க நான் வலியுறுத்தக் காரணம், பரிணாமம் அடிக்கடி கைவைக்கும் இடம் அது. மரபணு பழையபடியே இருக்க, அதை இயக்கும் முறை மாறிவிடும். லாக் ஒடுக்கியும், டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான பியூரினின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பர்-ஆர் என்ற ஒடுக்கியும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து இரட்டிப்பால் வந்தவை. ஆனாலும் சர்க்கரை ஒட்டினால் லாக் ஒடுக்கி டி.என்.ஏ.வை விடுகிறது, பியூரின் ஒட்டினால்தான் பர்-ஆர் அதைப் பிடிக்கிறது. ஒரே குடும்பத்தில் நேர் எதிரான இரண்டு பழக்கங்கள்!

2015இல் வெளியான ஆய்வு இதைவிட வியப்பானது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியாவில், நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் மரபணுக்களை இயக்கும் தலைமைப் புரதத்தின் மரபணுவை ஆய்வாளர்கள் நீக்கினார்கள். நீந்த முடியாமல், சுற்றியுள்ள உணவு தீர்ந்து பட்டினி கிடந்த அந்தப் பாக்டீரியா, 96 மணி நேரத்துக்குள் மறுபடி நீந்தியது. நைட்ரஜன் பற்றாக்குறையைக் கவனிக்கும் என்.டி.ஆர்.சி. என்ற உறவுப் புரதம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டே படிகள்: முதல் திடீர்மாற்றம் செயல்நிலையில் உள்ள என்.டி.ஆர்.சி.யின் அளவைப் பெருக்கியது. இரண்டாவது அதன் பிடியைக் கசையிழை மரபணுக்களின் பக்கம் திருப்பியது. கசையிழை மரபணுக்கள் மாறவே இல்லை.

கசையிழை மரபணுக்கள் ஒரே வரிசையில் இல்லை, பல இயங்கணிகளாகப் பிரிந்திருக்கின்றன. அப்படிப் பல இடங்களில் இருந்தும் ஒரே புரதத்துக்குக் கட்டுப்படும் கூட்டத்துக்கு ரெகுலான் என்று பெயர். அதை ‘நெறியணி’ எனலாம்.