திரையில் ஓடும் விலை

ஆடி மாதத்தில் ஊரில் கல்யாணம் இருக்காது. ஆடிட்டர் அலுவலகத்தில் மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. வருமான வரிக் கணக்குக்காக டீமேட் அறிக்கையோடு, அதாவது கையிலுள்ள பங்குகளின் கணக்கோடு, வந்துகொண்டே இருப்பார்கள். இந்த ஜூலையில் ஒரே மாதிரியான அறிக்கை நான்கு வந்துவிட்டது. நான்காவது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த 11 லட்சம், பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பங்கில்.

"போனில் ஒரு பையன் சொன்னான், தம்பி. மிக மரியாதையாகப் பேசுவான்."

மரியாதை இல்லாமல் கேட்டால் யார் சார் பணம் தருவார்கள்?

2000-இல் வந்த 'பாய்லர் ரூம்' படத்தைப் பாருங்கள். பென் யங்கர் எழுதி இயக்கியது. வால் ஸ்ட்ரீட்டிலிருந்து தள்ளி, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஓர் அலுவலகம்; வரிசையாக இளைஞர்கள், காதில் போன். மறுமுனையில் இருப்பவரை 'வேண்டாம்' என்று சொல்லவிடாமல் பேசிப் பங்கை விற்பதுதான் வேலை. நாயகன் சேத், ஒரு குடும்பஸ்தர் வீடு வாங்கச் சேர்த்துவைத்த பணத்தையும் பேசியே கறந்துவிடுகிறான். கதைதானே என்று ஒதுக்க வேண்டாம். அதே லாங் ஐலண்டில் ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் நிறுவனம் இதைத்தான் செய்தது. 1996 டிசம்பரில் தரகர் சங்கம் அதை வெளியேற்றியது. இங்கே போனோடு யூடியூபும் சேர்ந்துகொண்டது. சாதனா பிராட்காஸ்ட் பங்கைப் பற்றிப் பொய் வீடியோக்கள் போட்டு விலையை ஏற்றியதாக, 2023 மார்ச்சில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 31 தரப்பினரைச் சந்தைக்குள் நுழைய விடாமல் நிறுத்தியது.

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால், நால்வரும் சொன்ன ஒரு வாக்கியம் என் பொறுமையைச் சோதிக்கிறது: "விலை ஏறியதை என் கண்ணால் பார்த்தேனே!"

எதைப் பார்த்தீர்கள்? கடைசியாக யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சில பங்குகளை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை. அந்த இருவரும் கூட்டாளிகளாக இருக்கலாம். உங்கள் தெருவில் மாமனும் மச்சானும் ஒரு சென்ட் நிலத்தை 20 லட்சத்துக்குக் கைமாற்றிக்கொண்டால் உங்கள் 5 சென்ட் ஒரு கோடி ஆகிவிடுமா? அந்த விலைக்கு வாங்க ஆள் வர வேண்டாமா? நிலத்தில் இது சட்டென்று புரிகிறது. பச்சை நிறத்தில் எண் மின்னினால் மட்டும் மறந்துபோகிறது. அவர்கள் விற்க நினைத்தபோது வாங்க நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் விற்கும்போது யார் இருக்கிறார்கள்?

சந்தை நடக்கும் நேரம். சாரையே விற்பனை ஆணை போடச் சொன்னேன். வாங்குவோர் பக்கம் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். விற்போர் பக்கம், அவருக்கு முன்னால் 14 லட்சம் பங்குகள். லோயர் சர்க்யூட்: ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை. தினம் 5 சதவீதம் வீதம் 20 நாள் இறங்கினால் 100 ரூபாய் 36 ஆகிவிடும். வாங்க ஆளில்லாதவரை ஒரு பங்கும் நகராது. மூலதன நஷ்டத்தை, பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ள 8 ஆண்டுகள் கணக்கில் எடுத்துச் செல்லலாம். ஆனால் விற்றால்தான் அது நஷ்டம். சாருக்கு வயது 71. வருமான வரிச் சட்டப்படி அவருக்கு இதுவரை ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். அவர் அனுப்பும் படத்தை நம்பாமல் செபி இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். 'இன்றே வாங்க வேண்டும்' என்றால் போனை வையுங்கள். பேச்சை முடித்துவிட்டு வைக்க வேண்டும் என்ற நாகரிகமெல்லாம் இங்கே வேண்டாம். போலிச் செயலிக்குப் பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இறங்கும் பங்கில் இன்னும் பணம் போட்டுச் 'சராசரி' செய்ய வேண்டாம், தயவுசெய்து.

இதைச் சாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த அவரது போன் அடித்தது. அதே பையன்.

"சராசரி செய்வது பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தான்," என்றார். "எடுக்கவில்லையென்றால் தப்பாக நினைத்துக்கொள்வானோ?"