கிணற்றில் பாக்டீரியா பொடியைக் கொட்டாதீர்கள்

இந்த மழைக்கும் ஆய்வகத்துக்கு அதே மாதிரி கிணற்றுத் தண்ணீர் பாட்டில் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் டீசல் வாடை, மேலே கரையாமல் மிதக்கும் பழுப்புப் பொடிக் கட்டிகள். லாரிப் பட்டறையின் கழிவு ஆயில் மழைத்தண்ணீரோடு தோட்டத்துக் கிணற்றில் இறங்கியிருக்கிறது. எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று விற்ற பொடியைத் தோட்டக்காரர் கிலோக்கணக்கில் கொட்டியிருக்கிறார். “கடலையே சுத்தம் செய்கிறதாம், கிணறு எம்மாத்திரம்?” சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரை இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைக் கடலுக்கு யாரும் கொண்டுபோக வேண்டியதில்லை. அல்கானிவோராக்ஸ் போன்றவை அங்கேயே இருக்கின்றன. எண்ணெய் கொட்டியதும் பெருகுகின்றன. அவற்றுக்குப் பற்றாமல் போவது தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது கரைக் கற்களின் மேல் தெளித்தது உரம். விலைக்கு விற்ற நுண்ணுயிரித் தயாரிப்புகளையும் அங்கே சோதித்தார்கள். சொல்லும்படியான பலன் இல்லை. அலை அடித்துக் காற்றைக் கலக்கும் கடலிலேயே மாதங்கள், ஆண்டுகள் ஆகின்றன. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது ஆட்கள்தான் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளினார்கள். தவிர, அல்கானிவோராக்ஸ் உப்புத்தண்ணீர் இனம். நம் கிணற்றில் அதற்கு என்ன வேலை?

உடனே யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள். அதையும் ஒருவர் செய்தார். யூரியா தண்ணீரில் நைட்ரேட்டாக மாறும். குடிதண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

தண்ணீரில் படலம் தெரிந்தால் குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியாவின் படலம், பயம் வேண்டாம். மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். மோட்டாரை நிறுத்துங்கள். ஆயில் வரும் வழியை அடைத்துவிடுங்கள். மிதப்பதை மேலிருந்தே வாளியால் வழித்தெடுங்கள். உள்ளே இறங்காதீர்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். பரிசோதனை முடியும்வரை மாட்டுக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்ட வேண்டாம்.

பாக்டீரியாவுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் ஆயில் ஊறிய மண்ணில் கொடுங்கள். தோண்டியெடுத்துத் தார்ப்பாயில் பரப்பி, மட்கிய சாணி எருவைக் கலந்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிடுங்கள். வாடை மெல்லக் குறையும். ஆனால் பழைய இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகத் துகளை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. அந்த மண்ணைத் தோட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

பட்டறைக்கார அண்ணன்மாரே, கழிவு ஆயில் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. டிரம்மில் பிடித்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், காசும் கிடைக்கும். அதைப் பள்ளத்தில் ஊற்றுவதில் உங்களுக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.