காலுக்கடியில் நிற்கும் மீன்

படகுத்துறையின் நுனி வரைக்கும் போய் நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, முடிந்த மட்டும் தூரமாக வீசுவதுதான் தூண்டில் பிடிக்கப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம். நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தேடி வந்த மீன் நான் மிதித்துக்கொண்டிருந்த பலகைக்கு அடியிலேயே நின்றிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

துறை என்றால் என்ன, தண்ணீருக்குள் இறக்கிய சில தூண்கள், மேலே பலகை. தூண் நனைந்து சில வாரங்களில் வழவழவென்று பாசி பிடித்துவிடும், பாசிக்கு நத்தையும் பூச்சிப் புழுவும் வரும், அதற்குக் குஞ்சு மீன்கள், குஞ்சுகளுக்காகப் பெரிய மீன். ஆனால் பெரிய மீன் அங்கேயே தங்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை, நிழலும்தான். நல்ல வெயிலில் நின்றுகொண்டு இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தால் நமக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கோ வாசலில் நிற்கிற நம்மை முழுசாகத் தெரியும். தண்ணீரில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம், ஏனென்றால் வெயில் படுகிற தண்ணீரில் மிதக்கும் தூசு ஒளியைச் சிதறடித்து, அங்கே நீந்துகிற குஞ்சு மீனின் கண்முன் வெள்ளைத் திரை மாதிரி ஒன்றை விரித்துவிடுகிறது. நிழலுக்குள் நிற்கிற மீனுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. ஆகவே நிழலின் விளிம்பை ஒட்டி, கொஞ்சம் உள்பக்கமாக, வெயிலைப் பார்த்தபடி நின்றால் போதும், இரை தானாக வரும். லார்ஜ்மவுத் பாஸ் என்கிற அகன்ற வாய் நன்னீர் மீனைப் போல மறைந்திருந்து பாய்கிற மீன்களுக்குத் துறை ஏன் பிடிக்கிறது என்பது இப்போது புரியும்.

சரி, மறைந்திருக்கிற மீன் நம் பிளாஸ்டிக் துண்டை எப்படி இரை என்று நம்புகிறது? கடையில் தொங்குகிற போலி இரைகளைப் பாருங்கள், செதில் செதிலாக வரைந்து, கண்ணுக்குள் கருவிழி வரைக்கும் வைத்திருப்பார்கள். அதில் பாதி நம்மை மயக்கத்தான் என்பது என் கட்சி.

மீனின் விலாவில் செவுளிலிருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடும், பக்கக்கோடு என்பார்கள். அது வெறும் கோடு இல்லை. தோலுக்கடியில் ஓடுகிற மெல்லிய கால்வாய், அதற்குள் கூழ் போன்ற தொப்பி போட்ட நுண்மயிர்ச் செல்கள். பக்கத்தில் ஏதாவது அசைந்தால் தண்ணீர் லேசாகத் தள்ளப்படும், தொப்பி சாயும், செல் மூளைக்குச் செய்தி அனுப்பும். நம் உள்காதில் இருப்பதும் இதே வகை மயிர்ச்செல்தான். இந்தப் புலன் எட்டுவது கொஞ்ச தூரம்தான், பெரும்பாலும் மீனின் உடல் நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்கு. ஆனால் அந்த எல்லைக்குள், கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும்கூட, எது எந்தப் பக்கம் அசைகிறது என்று மீனுக்குத் தெரிந்துவிடும்.

கிராங்க்பெயிட் என்கிற மீன் வடிவப் போலி இரை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் வாய்க்குக் கீழே நாக்கு நீட்டியது போல ஒரு பிளாஸ்டிக் தகடு தெரியும். விஷயமே அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும்போது சாய்ந்த தகட்டின் மேல் தண்ணீர் மோதி மூக்கைக் கீழே அழுத்தும், அதனால்தான் மிதக்கிற பொருள் முங்குகிறது. தகட்டின் இரண்டு ஓரங்களிலும் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போவதால் உடல் இடமும் வலமும் ஆடும். வேகமாகச் சுற்றினால் ஆட்டமும் வேகமாகும். தகடு நீளமாக, உடலோடு ஒரே நேராக நீண்டிருந்தால் ஆழமாகப் போகும். குட்டையாக, செங்குத்தாகத் தொங்கினால் மேலாகவே நீந்தும். இந்த ஆட்டம்தான் பக்கக்கோட்டுக்கு நாம் அனுப்புகிற கடிதம்.

பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் 1936-ல் இப்படி ஆடுகிற போலி இரை ஒன்றைக் கையாலேயே செய்தார். கூட்டத்தில் சற்றுத் தள்ளாடுகிற குஞ்சைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்பதைக் கவனித்து, தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் பளபளப்புத் தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகடிவை உருக்கிப் பூசினார். இன்று அந்தப் பெயர் உலகம் முழுக்க விற்கிறது. அவர் பிரதி எடுத்தது மீனின் அழகை அல்ல, அதன் தள்ளாட்டத்தை.

நிறத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். லார்ஜ்மவுத் பாஸின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான், ஒன்று சிவப்புப் பக்கம், ஒன்று பச்சைப் பக்கம். சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரிக்கும், கறுப்பையும் நீலத்தையும் குழப்பிக்கொள்ளும். பெட்டி நிறைய கருநீலமும் கறுப்பும் தனித்தனியாக வாங்கி வைத்திருப்பவர்கள் (நான்தான்) இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். ஆழம் கூடக்கூடத் தெளிந்த தண்ணீரில் சிவப்பு முதலில் மங்கும், அப்புறம் அது வெறும் கருமைதான்.

மீன் எப்படிக் கடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பல மீன்கள் கடிப்பதே இல்லை, உறிஞ்சுகின்றன. பாஸ் வாயைத் திடீரென்று விரிக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, முன்னால் இருக்கிற தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிடிக்காவிட்டால் துப்புவதற்கும் அதிக நேரம் ஆகாது. ரப்பர் புழுவைப் போட்டுவிட்டு நரம்பைத் தொங்கவிட்டால் மீன் உறிஞ்சித் துப்பியதுகூட நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான். நரம்பு லேசாக விறைத்திருந்தால் விரலில் 'டிக்' என்று ஒரு தட்டு தெரியும். அந்த ஒரு தட்டுதான் நமக்குக் கிடைக்கிற தகவல்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் மீன் ஓடிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கால். துறையில் பேசலாம், பாட்டே பாடலாம், காற்றில் வருகிற ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் தண்ணீருக்குள் நுழைகிறது, மீதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆனால் செருப்புக் காலோடு பலகையில் தொம்மென்று ஒரு மிதி மிதித்தால், அதிர்வு பலகையிலிருந்து தூணுக்கு இறங்கி, தூணிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். பெட்டியைப் போடுவதும் அப்படித்தான்.

இன்னொன்று, மீன் நம்மைப் பார்க்கிற விதம். ஒளி வளைவதால் வெளியுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேல் ஏறத்தாழ 97 டிகிரி கொண்ட கூம்புக்குள் சுருங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கிற மீனுக்கு அது மேற்பரப்பில் இரண்டேகால் மீட்டர் அகல வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடியாகி ஏரியின் அடித்தரையைக் காட்டும். கீழ்வானம் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கி மங்கித் தெரியும், அதனால் துறையின் விளிம்பைவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி, குனிந்து அல்லது மண்டியிட்டு வீசுகிறவர் அந்த மங்கலில் கரைந்துபோவார். விளிம்பில் நெட்டுக்குத்தலாக நிற்கிறவர் வானத்தின் நடுவே கறுப்பாக எழுந்து நிற்பார். மிதக்கிற தவளை இரையும் ஜன்னலுக்குள் வந்த பிறகு ஒரு நிழலுருவம்தான், வயிற்று நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாம் செலவழித்த நேரம் அங்கே பெரிதாக எடுபடாது.

ஆகவே இப்போது நான் துறைக்கு வந்தால் நுனிக்குப் போவதில்லை. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, முதல் தூணுக்கு முன்பே உட்கார்ந்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, துறைக்கு இணையாக வீசி, இரையை நிழலின் விளிம்போடு ஒட்டிக் கொண்டுவருவேன். நடுவில் ஒரு முறை சுற்றுவதை நிறுத்துவேன், தள்ளாடிய குஞ்சு களைத்து நிற்பது போல. பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற மீன் முடிவெடுப்பது பெரும்பாலும் அங்கேதான். அப்போதும் எடுக்கவில்லையென்றால், கடைசி ஒரு மீட்டரில் அவசரப்பட்டுத் தூக்காமல், கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள். என்னிடம் மாட்டியவற்றில் நல்ல மீன் சில அந்த வட்டத்தில்தான், என் முழங்காலுக்கு நேர் கீழே, பலகையின் இருட்டிலிருந்து வந்து எடுத்தன.