காஸ்மோலின் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிடங்கில் பல பத்தாண்டுகள் கிடந்த ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறந்தால், முதலில் கையில் படுவது துப்பாக்கி இல்லை, கிரீஸ். பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். குழல், அதன் பின்வாயை மூடும் போல்ட், டிரிகர், தோட்டா நிரப்பும் மேகசின், மரக்கட்டையின் ரேகை என்று அது புகாத இடமே இருக்காது. அமெரிக்காவில் இதைக் காஸ்மோலின் என்பார்கள். ரஷ்ய, சீன, இந்தியக் கிடங்குகளில் பூசியது வேறு வேறு தயாரிப்பு என்றாலும் கடையில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான்.

நான் பென்சில்வேனியாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். மான் வேட்டை சீசன் நெருங்கும்போது இந்தக் கிரீஸோடு வருகிறவர்கள் அதிகம். இப்போதெல்லாம் அவர்களில் நம் தமிழ்ப் பையன்களும் உண்டு. முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, பெட்ரோல்ல ஊறப்போட்டா போயிடும்ல?" போய்விடும். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்தக் கிரீஸால் ஆளுக்குப் பெரிய தீங்கு கிடையாது. அதை எடுக்க நாம் கையில் எடுக்கும் திரவமும், எடுத்துவிட்டோம் என்று நம்பி உள்ளே விட்டுவைக்கும் மிச்சமும்தான் ஆளைக் காயப்படுத்துகின்றன. என் மேஜைக்கு வரும் சிக்கல்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

காஸ்மோலின் பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகுத்தன்மையுள்ள கிரீஸ். 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவின் ஹூட்டன் நிறுவனம் விற்கத் தொடங்கிய பெயர் அது. ராணுவத்தில் இதைச் சூடாக்கி உருக்கி, இரும்புச் சாமான்களை அதில் முக்கி எடுப்பார்கள். காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாது, துரு பிடிக்காது. அரை நூற்றாண்டு கழித்துத் திறந்தாலும் அடியில் இரும்பு புதுசாக இருக்கிறது என்றால் அந்தப் பெருமை இந்தக் கிரீஸுக்குத்தான். ஆனால் வருஷம் ஆக ஆக அதிலிருக்கும் லேசான எண்ணெய்ப் பகுதி ஆவியாகிப் போகும். மிஞ்சுவது இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். மேலே இருக்கும் வழவழ கிரீஸைத் துணியால் துடைத்துவிடலாம். சந்துகளில் இறுகிப்போனதுதான் சிக்கல்.

இது ஏறக்குறைய 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பித்துவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நல்ல வெயிலும் வெந்நீருமே போதும். தீப்பிடிக்கும் திரவம் எதுவும் இல்லாமலே பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடலாம்.

பெட்ரோல் ஏன் கூடாது? பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து போகும். இங்கே பல வீடுகளில் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருக்கும். அதன் அடியில் பைலட் சுடர் எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் ஒரு மூலையில் தட்டில் பெட்ரோல் ஊற்றி போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்க, ஆவி தரை வழியாக அந்தச் சுடரைப் போய்த் தொடும். சிகரெட் பற்ற வைக்கவில்லையே என்பதெல்லாம் அப்போது உதவாது. தவிர பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியான பொருள். வெறுங்கையோடு அதில் துழாவுவது நல்லதில்லை.

அடுத்தது பிரேக் கிளீனர், கார் பிரேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஸ்பிரே. இது எங்கள் பட்டறைகளிலும் புழங்குகிற சாமான்தான். ஆனால் அதில் இரண்டு வகை. ஒன்று எளிதில் தீப்பிடிக்கும். இன்னொன்று குளோரின் கலந்தது. அது தீப்பிடிக்காது என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். குளோரின் கலந்ததை அடித்துவிட்டு, அது முழுக்கக் காயும் முன் அந்த உலோகத்தை கேஸ் டார்ச்சிலோ வெல்டிங்கிலோ சூடாக்கினால் பாஸ்ஜீன் உருவாகலாம். முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட அதே பாஸ்ஜீன். மூச்சில் போனால் உடனே ஒன்றும் தெரியாமல் இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துவிடும். கிரீஸை இளக்கக் கொஞ்சம் ஸ்பிரே, அப்புறம் கொஞ்சம் டார்ச் என்று மாற்றி மாற்றிச் செய்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

சமையலறை அவனில் வைப்பதும் வேண்டாம். கிரீஸ் உருகிச் சூடான கம்பி மேல் சொட்டினால் புகை, அதற்கு மேல் போனால் தீ. நாளைக்கு அதே அவனில் குழந்தைகளுக்குச் சமைக்கவும் வேண்டும்.

சரி, எப்படித்தான் எடுப்பது?

எதற்கும் முன்னால், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். வழக்கமாகக் கண்ணால் பார்த்தால் போதும். இங்கே போதாது, ஏனென்றால் தோட்டா உட்காரும் சேம்பர் முழுக்கக் கிரீஸ் அடைத்திருக்கும். குழல் வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினைப் பார்த்து, போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பிறகு சுத்தம் செய்யும் கம்பியைக் குழலுக்குள் விட்டு மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். இடையில் எதிலாவது முட்டி நின்றால் தட்டிப் பார்க்காதீர்கள். அப்படியே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் கையுறை எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும். மரத்தையும் இரும்பையும் பிரித்துவிட்டால் பாதி நிம்மதி. பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது தடுமாற வேண்டியதில்லை.

இரும்புப் பாகங்களுக்கு நான் முதலில் சொல்வது கொதிக்கும் நீர்தான். இதற்கென்று ஒதுக்கிய பாத்திரம், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. போல்ட் பாகங்களைப் போட்டுச் சில நிமிடம் விட்டால் கிரீஸ் உருகி மேலே பழுப்பாக மிதக்கும். இடுக்கியால் எடுத்து மறுபடி சுத்தமான கொதிநீரில் ஒரு முக்கு. சூட்டோடு வெளியே எடுத்தால் தண்ணீர் தானாகவே காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த உடனே எண்ணெய் பூச வேண்டும். கிரீஸ் போன வெற்று இரும்பு உங்கள் கண் முன்னாலேயே செம்பழுப்பாகும். கையில் எண்ணெய்த் துணி தயாராக இல்லையென்றால் கொதிநீர் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். ஆறியதும் கிரீஸ் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். ஆற விட்டு மேலே படியும் ஆடையை வழித்து எடுங்கள்.

இறுகிப்போன மிச்சத்துக்கு, பெயின்ட்டை இளக்கும் மினரல் ஸ்பிரிட்ஸ் நல்லது. பெயின்ட் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான், ஆனால் பெட்ரோல் போல் குளிரிலேயே ஆவியாகிப் பரவாது. ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேல் போனால்தான் ஆபத்து. அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். அதைச் சூடாக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

போல்ட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான். எஸ்கேஎஸ் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. 1945இல் ரஷ்ய வடிவமைப்பாளர் சிமோனோவ் வடிவமைத்தது. ரஷ்யா, சீனா, யூகோஸ்லாவியா என்று பல நாடுகளில் செய்து, அமெரிக்காவுக்கு ஏராளமாக வந்து இறங்கியது. ஆரம்பகாலத்து ரஷ்ய ரைஃபிள்களில், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ள ஒரு ஸ்பிரிங் இருந்தது. பிற்காலத்தில் செய்தவற்றில் அது இல்லை. அந்த ஃபயரிங் பின் தன் பாதையில் சும்மா முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையில் கிரீஸ் இறுகி, ஃபயரிங் பின் முன்னால் துருத்தியபடி ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். போல்ட் மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்கும். டிரிகரை யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. இதை ஸ்லாம் ஃபயர் என்பார்கள். மேகசினில் இருக்கும் அத்தனையும் வரிசையாக வெடித்துக்கொண்டே போகவும் கூடும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பின் 'டக், டக்' என்று இரண்டு பக்கமும் போய் இடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ ஒன்றும் கேட்கவில்லை என்றாலோ அது சுத்தமாகவில்லை. வெளியிலிருந்து ஸ்பிரே அடித்துச் சத்தம் வரவைத்தால் போதாது. குளிரில் மிச்சக் கிரீஸ் மறுபடி இறுகும். பின்னைப் பிடித்திருக்கும் குறுக்கு ஆணியைத் தட்டி எடுத்து, பின்னை வெளியே இழுத்து, அது ஓடும் பாதையைச் சிறு பிரஷ் விட்டுத் தேய்த்தால்தான் உண்டு. திரும்பப் போடும்போது எப்படி வந்ததோ அப்படியே போக வேண்டும், தலைகீழாகப் போட்டால் அதுவும் சிக்கிக்கொள்ளும். இதைச் செய்ய உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் தயங்குவதே சரி. எங்களுக்கு இது சின்ன வேலை, கொண்டுவாருங்கள்.

மோசின் நகான் வேறு மாதிரி. 1891இல் ரஷ்யப் படைக்கு வந்த இந்த ரைஃபிள், 2000களில் இங்கே 100 டாலருக்கும் கீழே விற்றது. கூடவே வரும் தட்டையான சின்னக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதன் ஓரத்தில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டியபின், ஃபயரிங் பின் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்கத்தான் அவை. பின் நுனி 75இல் உரச வேண்டும், 95இல் உரசக்கூடாது. அதிகம் நீண்டிருந்தால், தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் பிரைமரைத் துளைத்துவிடும். சூடான வாயு பின்பக்கம், அதாவது உங்கள் முகத்தை நோக்கி வரும்.

மோசினில் இன்னொரு புகார், நாலு குண்டு சுட்டதும் போல்ட்டைத் திறக்க முடியவில்லை என்பது. சுத்தியலால் தட்டித் திறந்ததாகக்கூடச் சொல்கிறார்கள். பல சமயம் குற்றம் போல்ட்டில் இருக்காது. சேம்பர் சுவரில் மெல்லிய படலமாகக் காஸ்மோலின் காய்ந்திருக்கும். சூடானதும் அது இளகித் தோட்டா உறையைப் பிடித்துக்கொள்ளும். சேம்பருக்குப் பொருத்தமான பருத்த பிரஷ்ஷும் மினரல் ஸ்பிரிட்ஸும் போட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

குழலைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிரீஸ் அடைத்த குழலில் சுட்டால் அழுத்தம் ஏறிக் குழல் புடைக்கலாம், வெடிக்கலாம். துணித்துண்டு வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிறகு வெளிச்சம் காட்டிப் பாருங்கள்.

மரத்துக்கு வெயில்தான் மருந்து. கறுப்பு குப்பைப் பைக்குள் கட்டையை மட்டும் வைத்து வெயிலில் போட்டால் கிரீஸ் வியர்த்து வெளியே வரும். துடைத்துத் திரும்ப வையுங்கள். ஒரே நாளில் முடியாது. ரஷ்ய மோசின் கட்டைகளில் இருப்பது பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. ஆல்கஹால் பட்டால் அது கரைந்துவிடும், மினரல் ஸ்பிரிட்ஸ் ஒன்றும் செய்யாது. சமையலறை அவனைக் கழுவும் கிளீனரில் இருக்கும் காஸ்டிக் சோடா மர நாரையே அரித்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டையில் பதித்த ஆயுதக்கிடங்கு முத்திரைகள் போனால் போனதுதான். ஒருமுறை இஷாப்பூர் 2ஏ1 ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 1962 சீனப் போருக்குப் பிறகு கொல்கத்தா பக்கத்தில், பழைய பிரிட்டிஷ் என்ஃபீல்டு வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்த ரைஃபிள் அது. கிரீஸுக்கு அடியிலிருந்து, இஷாப்பூர் ஆலையைக் குறிக்கும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வருஷமும் மெல்லத் தெரிய வந்தபோது மனசு நிறைந்துபோனது. கம்பி பிரஷ் போட்டிருந்தால் அதைப் பார்த்திருக்க முடியாது.

சுத்தம் முடிந்ததும் பலர் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்பே தேவையில்லை. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். அழுக்கான மினரல் ஸ்பிரிட்ஸைச் சாக்கடையில் ஊற்றாமல் உங்கள் ஊர் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

முதல் முறை சுடும் இடத்துக்குப் போகும்போது மேகசினை நிரப்பாதீர்கள். ஒரே ஒரு தோட்டா போட்டு, குழலை இலக்குப் பக்கம் வைத்துக்கொண்டு, விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டு போல்ட்டை மூடுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் சுடுங்கள். அப்புறம் இரண்டு போட்டுப் பாருங்கள். எஸ்கேஎஸ்ஸில் ஒரு தடவை டிரிகரை அழுத்தியதற்கு இரண்டும் வெடித்துவிட்டால், மூன்றாவது தோட்டா வேண்டாம். துப்பாக்கியை இறக்கி வைத்து உறையில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.